சிறிய முதியோர் இல்லமா? இரவுப் பணியைப் பற்றி முதலில் கேளுங்கள்

கேள்வி: என் தாயாருக்கு வயது 81. மறதிநோய் தொடக்க நிலையில் உள்ளது. இரவில் கழிப்பறைக்குச் செல்லும்போது இருமுறை விழுந்துவிட்டார். எட்டுப் பேர் மட்டுமே தங்கும் ஓர் இல்லத்தைப் பார்த்தோம். வீட்டைப் போலவே இருந்தது. நம்பிச் சேர்க்கலாமா?

பதில்: வீட்டைப் போல இருப்பது உண்மையாகவே பெரிய நன்மை. மறதிநோய் உள்ள ஒருவருக்குத் தினமும் அதே சில முகங்களும், குழப்பாத நடைவழியும், இரைச்சல் குறைந்த கூடமும் மருந்துக்கு நிகரான ஆறுதலைத் தரும். ஆனால் இல்லம் சிறியதாக இருப்பதே அதன் பலவீனமும் ஆகும். மூன்று நான்கு பணியாளர்களைக் கொண்டு நடக்கும் இல்லத்தில் ஒருவர் விடுப்பில் சென்றாலே பராமரிப்பில் ஓட்டை விழுந்துவிடும். எனவே காலை பதினொரு மணிக்கு, எல்லோரும் குளித்து உடுத்தி அமர்ந்திருக்கும் வேளையில் கண்ட காட்சியை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

இல்லத்தை மதிப்பிடும் முன், தாயாரின் தேவையை எழுதிவையுங்கள். சிட்னி காட்ஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1963இல் வெளியிட்ட அளவுகோல் இதற்கு இன்றும் உதவுகிறது: குளித்தல், உடுத்துதல், கழிப்பறையைப் பயன்படுத்துதல், படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுதல், சிறுநீர் மலத்தை அடக்குதல், உண்ணுதல். இந்த ஆறில் எவற்றுக்கு இப்போது உதவி வேண்டும் என்பதைக் காட்டி, நாளை எல்லாவற்றுக்கும் வேண்டியிருந்தால் என்ன செய்வீர்கள் என்று பொறுப்பாளரிடம் கேளுங்கள். “இந்த நிலைக்கு மேல் எங்களால் இயலாது” என்று தெளிவாகச் சொல்பவரையே, எல்லாம் முடியும் என்பவரைவிட நான் நம்புவேன்.

உங்கள் தாயார் விழுந்ததெல்லாம் இரவில் என்பதால், இரவுப் பணியாளர் விழித்திருப்பவரா, அங்கேயே படுத்துறங்கி அழைத்தால் எழுபவரா என்பதுதான் முதல் கேள்வி. இரண்டும் ஒன்றல்ல. ஒரே நேரத்தில் இருவர் அழைத்தால் யார் போவது, விழுந்தவரைத் தூக்க இரண்டாவது ஆள் எங்கிருந்து வருவார், தலையில் அடிபட்டால் மருத்துவமனைக்கு அனுப்ப முடிவெடுப்பவர் யார் என்றும் கேளுங்கள். உங்கள் தாயார் இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை உட்கொள்பவராயின் கடைசிக் கேள்விக்கு மழுப்பலான விடையை ஏற்கவே கூடாது.

அடுத்த முறை முன்கூட்டிச் சொல்லாமல் அந்தி வேளையில் செல்லுங்கள். மறதிநோய் உள்ள பலருக்குக் குழப்பமும் பதற்றமும் கூடும் நேரம் அது. பணியாளர் அருகில் அமர்ந்து பேசித் தணிக்கிறாரா, தூக்க மாத்திரையையோ படுக்கைத் தடுப்பையோ நாடுகிறாரா என்று பாருங்கள். தடுப்புக் கம்பியை ஏறிக் கடக்க முயன்று விழுவது இன்னும் ஆபத்தானது. பகலிலேயே எல்லோரும் அயர்ந்து கிடந்தால், காரணம் கேட்கத் தயங்காதீர்கள்.

மருந்துப் பதிவேட்டில் கொடுத்த நேரமும் கொடுத்தவரின் கையெழுத்தும் அவ்வப்போதே இடப்பட்டிருக்க வேண்டும். மாத இறுதியில் ஒரே மையில் நிரப்பப்பட்ட பக்கம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். மாதந்தோறும் எடை பார்க்கிறார்களா என்றும் கேளுங்கள். ஒரே மாதத்தில் உடல் எடையில் 5 விழுக்காடு குறைவது, உணவோ விழுங்குவதோ நோயோ ஏதோ ஒன்று சரியில்லை என்பதற்கான எச்சரிக்கை.

உரிமமும் ஆய்வு அறிக்கையும் இருக்கின்றனவா என்று பார்ப்பது அடிப்படை. ஒப்பந்தத்தில் மூன்று வரிகளைத் தேடுங்கள்: உதவி கூடும்போது கட்டணம் எவ்வளவு உயரும், மருத்துவமனையில் இருக்கும் நாட்களுக்கும் பணம் கட்ட வேண்டுமா, எந்தக் காரணங்களுக்காக, எத்தனை நாள் அவகாசத்தில் அவரை வெளியேறச் சொல்லலாம். வாய்மொழி உறுதியை எழுத்தில் பெறுங்கள்.

முடிவெடுக்கும் முன் தாயாரையும் அழைத்துச் சென்று, ஒரு வேளை உணவை அங்கே அவருடன் சேர்ந்து உண்ணுங்கள்; முடிந்தால் இரண்டு வாரம் தற்காலிகமாகத் தங்கவையுங்கள். புதிய இடத்தில் முதல் சில நாட்கள் குழப்பம் கூடுவது இயல்பு. ஆனால் திடீரென ஒரே நாளில் நிலை மோசமானால், இடமாற்றம் என்று விட்டுவிடாமல், நோய்த்தொற்றோ நீரிழப்போ மருந்தின் விளைவோ இருக்கிறதா என்று அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.