பயங்கரவாதமும் நாடுகளுக்கிடையிலான ஒப்பந்தங்களும் – கடிதம், பதில்

அன்புள்ள ஐயா,

சட்டக் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறேன். பயங்கரவாதத்துக்கு எதிராக 1963 முதல் 19 சர்வதேச ஒப்பந்தங்கள் வந்திருப்பதாகப் படித்தோம். ஆனால் பயங்கரவாதம் என்றால் என்ன என்பதற்கே எல்லா நாடுகளும் ஏற்ற வரையறை இல்லை என்கிறார்கள். 2008 மும்பைத் தாக்குதல் வழக்கில், அதற்கு உதவியதாகக் குற்றம் சாட்டப்பட்ட தஹாவூர் ராணாவை அமெரிக்காவிலிருந்து கொண்டுவர 16 ஆண்டுகள் ஆகிவிட்டன. அதற்கு உளவு பார்த்த டேவிட் ஹெட்லி வரவே இல்லை. போர்ச்சுகல் விதித்த நிபந்தனையால் அபு சலேமுக்கு நம் நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதிக்க முடியவில்லை. 1993 மும்பைத் தொடர் குண்டுவெடிப்பில் 257 பேர் செத்த வழக்கில் இன்னொரு நாடு நமக்கு நிபந்தனை போடலாமா? இந்த ஒப்பந்தங்களால் உண்மையில் என்ன பயன்? இதைப் படிக்க எங்கிருந்து தொடங்க வேண்டும்?

அன்புடன்,
ம., ஈரோடு

அன்புள்ள ம.,

பொது வரையறை இல்லை என்பது உண்மை. ஆனால் இந்த ஒப்பந்தங்களை எழுதியவர்கள், அந்த வரையறை இல்லாமலே வேலை நடக்கும்படிதான் எழுதினார்கள். 1970 செப்டம்பரில் பாலஸ்தீன ஆயுதக் குழு ஒன்று பயணிகள் விமானங்களைக் கடத்தி, ஜோர்டானின் பாலைவன ஓடுதளத்தில் இறக்கி, உலகத்தின் கண்முன்னே வெடிவைத்துத் தகர்த்தது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே ஹேக் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதில் பயங்கரவாதம் என்ற சொல்லை எதிர்பார்க்காதீர்கள். பறந்துகொண்டிருக்கும் விமானத்தில் இருந்துகொண்டு பலத்தாலோ மிரட்டலாலோ அதைக் கைப்பற்றுவது குற்றம் என்று செயலை மட்டும் சொல்கிறது. கடத்தியவர் எந்தக் கொள்கைக்காகக் கடத்தினார் என்ற கேள்வியே எழுவதில்லை. அடுத்த ஆண்டு விமானத்தில் நாசவேலை, 1979இல் பணயக் கைதிகள், 1997இல் குண்டுவெடிப்பு, 1999இல் நிதியளிப்பு என்று ஒவ்வொரு செயலுக்கும் ஒரு ஒப்பந்தம் வந்தது. எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவரும் பொது ஒப்பந்தத்துக்கு 1996இல் இந்தியா கொடுத்த வரைவுதான் இன்னும் நிற்கிறது. அந்நிய ஆக்கிரமிப்பை எதிர்த்துப் போராடுகிறவர்களைச் சேர்ப்பதா, அரசுப் படைகளின் செயல்களைச் சேர்ப்பதா என்ற இரண்டு கேள்விகளில் அது சிக்கிக்கொண்டது. அது நிறைவேறினால் நல்லதுதான். ஆனால் அது இல்லாததால் ஒரு குண்டுவெடிப்பு வழக்கு நின்றுபோகிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இந்த ஒப்பந்தங்களின் உயிர்நாடி ஹேக் ஒப்பந்தத்தின் 7, 8 ஆகிய இரண்டு பிரிவுகளில் இருக்கிறது. பின்னால் வந்தவை பெரும்பாலும் அவற்றை வழிமொழிந்தவையே. குற்றம் சாட்டப்பட்டவர் உங்கள் மண்ணில் இருந்தால், கேட்கும் நாட்டிடம் ஒப்படையுங்கள். ஒப்படைக்கவில்லையென்றால், எந்த விதிவிலக்கும் இல்லாமல், வழக்குத் தொடுக்கும் அதிகாரிகளிடம் உங்கள் நாட்டிலேயே விஷயத்தைக் கொண்டுசெல்லுங்கள். இது 7ஆம் பிரிவு. இரு நாடுகளுக்கும் இடையே தனி ஒப்படைப்பு ஒப்பந்தம் இல்லாவிட்டால், விரும்பினால் இந்த ஒப்பந்தத்தையே சட்ட அடிப்படையாகக் கொள்ளலாம் என்பது 8ஆம் பிரிவு. இதற்கு இசைவாக நம் 1962ஆம் ஆண்டு ஒப்படைப்புச் சட்டத்திலும் பிரிவு 3(4) இருக்கிறது. 1997 குண்டுவெடிப்பு ஒப்பந்தம் இன்னொரு படி மேலே போனது. அரசியல் குற்றம் என்று காரணம் காட்டி ஒப்படைக்க மறுப்பதை அதன் 11ஆம் பிரிவு தடுக்கிறது. ஆனால் மதம், இனம், அரசியல் கருத்து ஆகியவற்றுக்காகத் தண்டிக்கவே கேட்கிறார்கள் என்று நம்ப வலுவான காரணம் இருந்தால் மறுக்கலாம் என்று 12ஆம் பிரிவு ஒரு கதவைத் திறந்துவைக்கிறது. அந்தக் கதவு இருக்கத்தான் வேண்டும். அது இல்லாவிட்டால் தன் எதிர்ப்பாளர்கள் எல்லோரையும் பயங்கரவாதி என்று சொல்லி எந்த அரசும் கேட்கலாம்.

இந்த ஏற்பாடு எங்கே உடைகிறது என்பதற்கு லாக்கர்பி வழக்கே சரியான உதாரணம். 1988 டிசம்பர் 21 அன்று ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊருக்கு மேலே பான் ஆம் என்ற அமெரிக்க நிறுவனத்தின் விமானம் வெடித்து 270 பேர் இறந்தார்கள். சந்தேகிக்கப்பட்ட இருவரும் லிபியர்கள். லிபியா, விமான நாசவேலை பற்றிய 1971 மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின் 7ஆம் பிரிவைக் காட்டி, நாங்களே விசாரித்துக்கொள்கிறோம் என்றது. எழுத்தின்படி அது தவறில்லை. ஆனால் சந்தேகம் லிபிய உளவுத்துறையின் மேலேயே இருந்தது. குற்றத்தில் அரசே பங்காளி என்று சந்தேகம் வரும்போது, ஒப்படை அல்லது விசாரி என்ற ஏற்பாட்டின் இரண்டாவது பாதி செத்துப்போகிறது. 1992இல் ஐநா பாதுகாப்பு கவுன்சில் 748ஆம் தீர்மானத்தால் லிபியாவுக்கு விமானப் போக்குவரத்துத் தடையும் ஆயுதத் தடையும் விதித்தது. ஐநா சாசனத்தின் 103ஆம் பிரிவின்படி அந்தக் கடமையே மேலானது என்று சொல்லி, லிபியா கேட்ட இடைக்கால உத்தரவை சர்வதேச நீதிமன்றம் மறுத்துவிட்டது. கடைசியில் 1999இல் இருவரும் ஒப்படைக்கப்பட்டார்கள். நெதர்லாந்தின் ஒரு பழைய ராணுவத் தளத்தில், ஸ்காட்லாந்து நீதிபதிகள், ஸ்காட்லாந்து சட்டப்படி விசாரித்தார்கள். 2001இல் ஒருவருக்குத் தண்டனை, இன்னொருவருக்கு விடுதலை.

இனி அபு சலேம். உங்கள் கடிதத்தில் கோபம் தெரிகிற இடம் இது. அந்தக் கோபம் புரிகிறது. ஆனால் என்ன நடந்தது என்று படிப்படியாகப் பாருங்கள்.

2002 செப்டம்பர் 18 அன்று லிஸ்பனில் அவர் பிடிபட்டார். அப்போது இந்தியாவுக்கும் போர்ச்சுகலுக்கும் ஒப்படைப்பு ஒப்பந்தமே கிடையாது. பரஸ்பர உறுதிமொழியும் 1997 குண்டுவெடிப்பு ஒப்பந்தமும்தான் கையில் இருந்தன. நீங்கள் பயனற்றது என்று நினைக்கும் ஒப்பந்தங்களில் ஒன்றுதான் அவரை இங்கே கொண்டுவர உதவியது. போர்ச்சுகலின் அரசியல் சட்டம் மரண தண்டனைக்கு உள்ளாகக்கூடிய யாரையும் ஒப்படைக்க விடாது. முடிவில்லாத சிறைக்கும் அப்படியே தடை. எனவே மரண தண்டனை விதிக்கப்படாது, 25 ஆண்டுகளுக்கு மேல் சிறை இருக்காது என்று இந்திய அரசு எழுத்துமூலம் உறுதி கொடுத்தது. 2002 டிசம்பரில் துணைப் பிரதமராக இருந்த எல்.கே. அத்வானி கையெழுத்திட்டார். 2005 நவம்பரில் அபு சலேம் இந்தியா வந்து சேர்ந்தார். நிபந்தனை நம் மேல் திணிக்கப்படவில்லை. அவர் வேண்டும் என்பதற்காக, யோசித்து, நாமே எழுதிக் கொடுத்தோம். நம் சட்டத்தின் பிரிவு 34சி இதே திசையில்தான் இருக்கிறது: மரண தண்டனை இல்லாத நாடு ஒப்படைத்தவருக்கு இங்கே அதிகபட்சம் ஆயுள் தண்டனைதான். 2017இல் தடா (பயங்கரவாதத் தடுப்புச் சட்டம்) வழக்குகளுக்கான நீதிமன்றம், ஒரே நாளில், அதே வழக்கில் வேறு இருவருக்குத் தூக்கு விதித்தது. இவருக்கு ஆயுள்.

சிக்கல் வேறொரு இடத்தில் வந்தது. எந்தக் குற்றங்களுக்காக ஒருவரைக் கேட்டு வாங்கினோமோ அவற்றுக்கு மட்டுமே விசாரிக்க வேண்டும் என்பது ஒப்படைப்புச் சட்டத்தின் அடிப்படை விதி. நம் சட்டத்தில் அது பிரிவு 21. இங்கே வந்தபின் அபு சலேம் மீது கூடுதல் குற்றச்சாட்டுகள் சேர்க்கப்பட்டன. அவை அதே உண்மைகளிலிருந்து எழுபவை, தண்டனையும் குறைவு, ஆகவே செல்லும் என்று நம் உச்ச நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. லிஸ்பன் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2011இல் ஒப்படைப்பு அனுமதியையே முடித்துவைத்தது. 2012இல் போர்ச்சுகலின் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அந்தத் தீர்ப்பு இந்திய நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்பது நம் நிலைப்பாடு. ஆனாலும் 2013இல் சிபிஐ சில குற்றச்சாட்டுகளைத் திரும்பப் பெற உச்ச நீதிமன்றத்திடம் அனுமதி வாங்க வேண்டியதாயிற்று.

இந்தத் தவறுக்கு முழுதும் நாமே பொறுப்பு என்பது என் கருத்து. ஒப்படைப்புக் கோரிக்கையை எழுதும் மேசை ஒன்று, குற்றச்சாட்டு வனையும் மேசை வேறொன்று. இரண்டும் பேசிக்கொள்ளாதபோது இதுதான் நடக்கும். இத்தனைக்கும் மருந்து அதே பிரிவு 21இல் இருக்கிறது: ஒப்படைத்த நாட்டின் சம்மதம் கேட்டு, புதிய குற்றச்சாட்டைச் சேர்க்கலாம். இதைச் செய்ய ஒரு கடிதமும் சில மாதப் பொறுமையும் போதும். நீதிமன்றத்தில் போன ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள்.

25 ஆண்டுகளை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதும் வழக்காயிற்று. லிஸ்பனில் பிடிபட்ட நாளிலிருந்து எண்ண வேண்டும் என்றார் அபு சலேம். ஆனால் அந்தக் காலத்தின் பெரும்பகுதியை அவர் போர்ச்சுகலில் போலி ஆவணக் குற்றத்துக்கான தண்டனையில் கழித்திருந்தார். எனவே 2005 அக்டோபர் 12 என்று 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் முடிவுசெய்தது. அரசு கொடுத்த வாக்கு நீதிமன்றத்தை நேரடியாகக் கட்டாது. ஆனால் அரசைக் கட்டும். 25 ஆண்டுகள் முடிந்ததும் அரசு குடியரசுத் தலைவருக்கு ஆலோசனை சொல்லி அவரை விடுவிக்க வழிசெய்ய வேண்டும், அதற்கான கோப்பு ஒரு மாதத்துக்குள் போக வேண்டும் என்றது. 2030இல் அந்த நாள் வருகிறது. அன்று நாம் வாக்கைக் காப்பாற்றுவதை லிஸ்பன் மட்டும் பார்த்துக்கொண்டிருக்காது. அடுத்து நாம் யாரைக் கேட்கப்போகிறோமோ, அந்த நாட்டின் நீதிபதியும் இந்தக் கோப்பைத்தான் முதலில் புரட்டுவார்.

ராணா விஷயத்தில் 16 ஆண்டு என்ற கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். 2009இல் அமெரிக்காவில் கைதானார். 2011இல் சிகாகோ ஜூரி, மும்பைத் தாக்குதலுக்கு உதவினார் என்ற குற்றச்சாட்டில் அவரை விடுவித்தது. டென்மார்க்கில் ஒரு பத்திரிகை அலுவலகத்தைத் தாக்கும் சதிக்கும் லஷ்கர்-இ-தொய்பா இயக்கத்துக்கும் உதவினார் என்று தண்டித்தது. அந்தத் தண்டனையில் 2020 வரை சிறையில் இருந்தார். விடுதலையான கையோடு, இந்தியாவின் கோரிக்கையில் மீண்டும் கைதானார். அதன்பின் ஐந்து ஆண்டுக்குள் டெல்லி வந்துவிட்டார்.

அந்த ஐந்து ஆண்டும் ஒரே சட்டக் கேள்வியைச் சுற்றித்தான் ஓடின. 1997இல் கையெழுத்தான இந்திய - அமெரிக்க ஒப்பந்தத்தின் 6ஆம் பிரிவு, ஒருவர் எந்தக் குற்றத்துக்காக அங்கே தண்டிக்கப்பட்டோ விடுவிக்கப்பட்டோ இருக்கிறாரோ அதற்காக அவரை ஒப்படைக்கக் கூடாது என்கிறது. ஒரே நடத்தை என்றால் ஒரே குற்றம்தான் என்று ராணாவின் வழக்கறிஞர்கள் வாதிட்டார்கள். குற்றத்தின் கூறுகள் வேறானால் குற்றமும் வேறு என்றது அரசுத் தரப்பு. இந்தியாவின் குற்றச்சாட்டுகளில் போலி ஆவணம் போன்ற, சிகாகோவில் விசாரிக்கப்படாத கூறுகள் இருந்தன. 2023 மே மாதம் கலிபோர்னியாவின் மாஜிஸ்திரேட் நீதிபதி ஒப்படைக்கலாம் என்று சான்றளித்தார். அமெரிக்காவில் அந்தச் சான்றுக்கு நேரடி மேல்முறையீடு கிடையாது. ஆட்கொணர்வு மனு வழியாகத்தான் எதிர்க்க முடியும். அந்த மனு தள்ளுபடியாகி, 2024 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் தோற்று, 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கைவிட்டது. ஏப்ரல் 10 அன்று வந்து சேர்ந்தார். கோரிக்கை வரையும்போதே ஒவ்வொரு குற்றச்சாட்டின் கூறுகளையும் தனித்தனியாகப் பிரித்து எழுதுவது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

ஹெட்லியை ஒப்படைக்காததற்குக் காரணம் அவர் 2010இல் அமெரிக்க அரசுடன் செய்துகொண்ட குற்ற ஒப்புதல் உடன்பாடு. ஒத்துழைத்தால் இந்தியாவிடம் ஒப்படைப்பதில்லை என்று அவருக்கு உறுதி தரப்பட்டது. எனக்கு இது கசப்பானதுதான். 166 பேர் கொல்லப்பட்ட ஊரில் அவர் குற்றவாளிக் கூண்டில் நின்றிருக்க வேண்டும். ஆனால் 2016 பிப்ரவரியில் அமெரிக்கச் சிறையிலிருந்து காணொலி மூலம் மும்பை நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். ஆளைத் தராவிட்டாலும் சாட்சியம் வரும் வழி அது. பரஸ்பர சட்ட உதவி என்று இதைச் சொல்வார்கள்.

இன்றைய வழக்குகளில் அந்த வழியில் ஆளைவிட அதிகமாகக் கேட்கப்படுவது மின்னஞ்சலும் கணக்கு விவரங்களும். அங்கே தோற்பது பெரும்பாலும் நேரத்தால். முறையான கோரிக்கை உள்துறை அமைச்சகம் வழியாகப் போய்ச் சேர மாதங்கள் ஆகும். அதற்குள் தரவு அழிந்துவிடும். எனவே முதல் நாளே, தரவை அழிக்காமல் வைத்திருங்கள் என்ற கோரிக்கை தனியாகப் போக வேண்டும். அமெரிக்கச் சட்டத்தில் இதற்கு 90 நாள், புதுப்பித்தால் இன்னொரு 90. பிறகு அனுப்பும் முழுக் கோரிக்கையில் முதல் தகவல் அறிக்கையை அப்படியே மொழிபெயர்த்து இணைத்தால் போதாது. இந்தக் கணக்குக்குள் இந்தக் குற்றத்தின் ஆதாரம் இருக்கிறது என்று நம்ப என்ன காரணம் என்பதை அங்குள்ள நீதிபதி கேட்பார். அந்த ஒரு பத்தி இல்லாமல் போகும் கோரிக்கை, விளக்கம் கேட்டுத் திரும்பி வரும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 2001 செப்டம்பர் 28 அன்று வந்த பாதுகாப்பு கவுன்சிலின் 1373ஆம் தீர்மானத்துக்குப் பின், பேச்சுவார்த்தையும் கையெழுத்தும் இல்லாமலே எல்லா நாடுகளுக்கும் கடமைகள் வந்தன. நிதியை முடக்கும் பட்டியல்கள் பெருகின. பட்டியலில் ஏற்றுவது அரசியல். ஜெய்ஷ்-இ-முகமது தலைவர் மசூத் அசாரின் பெயரை ஏற்ற சீனாவின் தடை நீங்கி 2019 மே 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் பட்டியலில் ஏற்றப்பட்டவர் எதிர்த்துக் கேட்கவும் வழி வேண்டும். விடுதலைப் புலிகள் இயக்கம் தொடர்ந்த வழக்கில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் 2014இல், பட்டியலில் நீட்டிக்க பத்திரிகைச் செய்தியும் இணையத் தகவலும் போதாது, தகுதியுள்ள அதிகாரியின் முடிவு வேண்டும் என்றது. 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பகுதியை ஏற்கவில்லை. ஆனால் வெளிநாட்டு முடிவை நம்பினால் அங்கே எதிர்வாதத்துக்கான உரிமை இருந்ததா என்று சரிபார்க்க வேண்டும் என்பதை உறுதிசெய்தது. அந்த இயக்கம் நல்லதா கெட்டதா என்பதை நீதிமன்றம் தொடவில்லை. பிந்தைய முடிவுகளால் அதன் பெயர் பட்டியலில் தொடர்ந்தது. இலங்கையிலும் இதே 1373ஐ அடிப்படையாகக் கொண்ட விதிமுறைகளின் கீழ் 2014இல் புலம்பெயர் அமைப்புகள் பல பட்டியலில் ஏற்றப்பட்டு, அடுத்த ஆண்டு ஆட்சி மாறியதும் சில நீக்கப்பட்டன. ஆதாரம் மாறி ஏறுவதும் இறங்குவதும் வேறு, அரசு மாறி ஏறுவதும் இறங்குவதும் வேறு. சட்டம் படிக்கும் நீங்கள் இந்த வித்தியாசத்தில் கறாராக இருக்க வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். 19 ஒப்பந்தங்களையும் வரிசையாகப் படிக்க வேண்டாம். ஹேக் ஒப்பந்தம் சிறியது, ஒரே மாலையில் முடித்துவிடலாம். அடுத்து குண்டுவெடிப்பு ஒப்பந்தத்தின் 2, 11, 12 பிரிவுகள். பிறகு நம் ஒப்படைப்புச் சட்டத்தின் 3, 21, 31, 34சி பிரிவுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அபு சலேம் வழக்கின் 2010, 2013, 2022 தீர்ப்புகளை அந்த வரிசையிலேயே படியுங்கள். 2010 தீர்ப்பைப் படித்து முடித்ததும், லிஸ்பன் நீதிபதியின் இடத்தில் இருந்தால் நீங்கள் என்ன எழுதியிருப்பீர்கள் என்று இரண்டு பக்கம் எழுதிப் பாருங்கள். எழுதினால் எனக்கு அனுப்புங்கள், படிக்கிறேன்.

அன்புடன்