பழைய ஹோண்டா சிபி750-க்கு பிரேக் கேலிப்பர் பாகங்கள் எங்கே கிடைக்கும்?

கேட்டவரிடம் இருப்பது 1970களின் தொடக்கத்தில் வந்த சிபி750. முன் டிஸ்க் பிரேக் ஜாம் ஆகிச் சக்கரம் சுற்ற மறுக்கிறதாம். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகமான கேலிப்பரில் பழையது ஒன்றை முழுதாக வாங்கிப் போட்டுவிடலாமா என்று கேட்கிறார்.

வாங்காதீர்கள். ஐம்பது வருடம் எங்கோ கிடந்த இன்னொரு கேலிப்பரும் உங்களுடையதைப் போலத்தான் இருக்கும், விலை மட்டும் கூடுதல். இந்த வண்டியின் கேலிப்பரில் கெட்டுப்போவது பெரும்பாலும் பேடைத் தள்ளும் பிஸ்டனும், அதைச் சுற்றியிருக்கும் ரப்பர் சீலும், டிஸ்க்கில் உரசும் பேடும்தான். அலுமினிய உடல் விரிசல் விட்டிருந்தாலோ மரை போயிருந்தாலோ மட்டும் வேறு உடல் தேடலாம். என்னிடம் இருப்பது சிபி500. அதிலும் ஏறக்குறைய இதே அமைப்புதான், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

எதையும் ஆர்டர் செய்வதற்கு முன் ஒரு சோதனை. பிரேக் பிடித்து நிற்கும்போதே ப்ளீடர் நிப்பிளை, அதாவது கேலிப்பரில் காற்றை வெளியேற்றும் சின்னத் திருகை, கொஞ்சம் தளர்த்துங்கள். ஆயில் பீச்சிக்கொண்டு வந்து சக்கரம் விடுபட்டால் குற்றவாளி கேலிப்பர் இல்லை. ஒன்று, பழைய ரப்பர் ஹோஸ் உள்ளே ஊதிப்போய் ஆயிலைத் திரும்ப விடாமல் பிடித்திருக்கும். அல்லது லீவரோடு இருக்கும் மாஸ்டர் சிலிண்டரில் ஊசிமுனை அளவில் இருக்கும் ரிட்டர்ன் துளை அடைத்திருக்கும். நிப்பிளைத் தளர்த்தியும் சக்கரம் அசையவில்லை என்றால்தான் கேலிப்பரைக் கழற்ற வேண்டும். ஹோஸ் எப்படியும் மாற்ற வேண்டியதுதான், அதில் யோசிக்கவே வேண்டாம்.

இனி பாகங்கள். வண்டியின் பெயரைப் போட்டுத் தேடினால் கண்டதும் வரும். ஹோண்டாவின் பாக எண்ணைப் போட்டுத் தேடுங்கள். அந்த எண் மூன்று துண்டாக இருக்கும். முதல் ஐந்து இலக்கம் அது என்ன பாகம் என்பதையும், நடுவில் உள்ள மூன்று இலக்கம் அது முதலில் எந்த வண்டிக்காகச் செய்யப்பட்டது என்பதையும் சொல்லும். 300 என்றால் சிபி750, 323 என்றால் சிபி500, 333 சிபி350 ஃபோர், 374 சிபி550. உங்கள் வண்டியின் பார்ட்ஸ் லிஸ்டில் ஒரு பாகத்துக்கு நடுவில் வேறு வண்டியின் எண் இருந்தால் பயப்பட வேண்டாம், இரண்டுக்கும் ஒரே பாகம் என்று அர்த்தம். தேடும் வட்டம் அங்கேயே பெரிதாகிவிடும். பழைய எண்ணை நிறுத்திவிட்டுப் புது எண்ணில் அதே பாகத்தைத் தருவதும் உண்டு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எண் கையில் இருந்தால் இங்கிலாந்தின் டேவிட் சில்வர் ஸ்பேர்ஸ், நெதர்லாந்தின் சிஎம்எஸ் என்ற இரண்டு பாகக் கடைகளிலும் தேடலாம். இரண்டுமே பழைய ஜப்பான் வண்டிகளுக்குப் பெயர் போனவை. பேடுக்கு இபிசி, வெஸ்ரா மாதிரி கம்பெனிகளைப் பாருங்கள். சீல், பிஸ்டன் எல்லாம் சின்னப் பார்சல்தான், ஆனால் கஸ்டம்ஸ் வரியையும் கூரியர் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஒவ்வொன்றாக வரவழைப்பதைவிட எல்லாவற்றையும் ஒரே ஆர்டரில் போடுவது லாபம்.

பிஸ்டனை மட்டும் வெளிநாட்டில் வாங்க வேண்டும் என்றில்லை. ஹோண்டா போட்டது குரோம் பூசிய இரும்பு. பூச்சு உரிந்த இடத்தில் துரு புள்ளி புள்ளியாக அரித்திருக்கும். கோயம்புத்தூர், அம்பத்தூர் பக்கம் நல்ல லேத் பட்டறை தெரிந்திருந்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கடைந்து வாங்கலாம். அளவை மட்டும் பழைய பிஸ்டனின் துருப்பிடிக்காத இடத்தில் மைக்ரோமீட்டர் வைத்து எடுத்து, சர்வீஸ் மேனுவலோடு ஒப்பிட்டுக் கொடுங்கள். வெளிப்பரப்பு கண்ணாடி மாதிரி வர வேண்டும். உள்ளே போகும் விளிம்பை லேசாகச் சாய்த்து எடுக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் மாட்டும்போதே சீலை வெட்டிவிடும்.

சீலில் மட்டும் சமரசம் வேண்டாம். கடையில் கிடைக்கும் ஓ-ரிங்கை, அதாவது உருண்டை ரப்பர் வளையத்தை, மாட்டிச் சமாளிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அந்த சீல் சதுர வெட்டில் இருப்பது ஆயில் கசியாமல் இருக்க மட்டும் அல்ல. பிரேக் பிடிக்கும்போது பிஸ்டனோடு சேர்ந்து லேசாக முறுக்கி, லீவரை விட்டதும் பழைய நிலைக்குத் திரும்பி, பிஸ்டனைத் துளி அளவு பின்னால் இழுப்பதும் அதுதான். உருண்டை ரப்பர் அந்த வேலையைச் சரியாகச் செய்யாது, பேட் டிஸ்க்கில் உரசிக்கொண்டே இருக்கும்.

புது சீல், புது பிஸ்டன் போட்டும் மறுபடி ஜாம் ஆகிறது என்று புலம்புகிறவர்கள் பலர். காரணம் சீல் உட்காரும் பள்ளம். அதன் அடியில் அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் பூத்துக் கெட்டியாகியிருக்கும். அது சீலை உள்பக்கமாகத் தள்ளி பிஸ்டனை இறுக்கிப் பிடிக்கும். வளைந்த கூர்முனைக் கருவியால் பொறுமையாகச் சுரண்டி எடுங்கள், பள்ளத்தில் கீறல் விழக் கூடாது. மொத்த வேலையில் அதிக நேரம் கேட்பது இதுதான். இன்னொன்று, இந்த கேலிப்பர் ஒரு உலோகக் கையில் (ஆர்ம்) பொருந்தி ஆடும் வகை. அந்தக் கை எந்த பின்னில் (pin) சுழல்கிறதோ அது துருப்பிடித்து இறுகினால் பேட் ஒரு பக்கம் மட்டும் தேயும். பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஓ-ரிங் மாற்றி, சிலிக்கான் கிரீஸ் வையுங்கள்.

பிஸ்டன் வெளியே வரவில்லையா? ஏர் கம்ப்ரசர் வைத்தால் குண்டு மாதிரி பாயும், விரல் போய்விடும். ஹோஸ் மாட்டும் துளையில் கிரீஸ் கன்னைப் பொருத்தி அழுத்துங்கள், எவ்வளவு இறுகியிருந்தாலும் மெதுவாக நகர்ந்து வரும். அப்புறம் அந்த கிரீஸை ஒரு துளி விடாமல் கழுவிவிட வேண்டும். பெட்ரோலும் சாதா கிரீஸும் பிரேக் ரப்பரை ஊத வைக்கும், அதனால் புது சீலை பிரேக் ஆயில் தடவியே மாட்டுங்கள்.

பிரேக் ஆயில் டாட் 3 அல்லது டாட் 4 தரம், புதிதாகத் திறந்த டப்பாவிலிருந்து. டாட் 5 சிலிக்கான் வகை, அதோடு கலக்கக் கூடாது. ஏர் எடுத்த பிறகும் லீவர் மெத்தென்று இருந்தால், ராத்திரி முழுக்க அதை ஹேண்டில்பாரோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். மிச்சமிருக்கும் சின்னக் குமிழிகள் மேலே ஏறிவிடும். காலையில் அவிழ்த்துவிட்டுக் கேலிப்பர் பக்கத்தில் இருக்கும் அட்ஜஸ்ட் போல்ட்டைப் பேட் டிஸ்க்கைத் தொடும் வரை திருகி, சக்கரம் தடையில்லாமல் சுற்றும் வரை தளர்த்தி, அதன்மேல் ஒரு அரைச் சுற்று விட்டு லாக் நட்டை இறுக்குங்கள்.