ஒரே காட்சி, மூன்று வரி வசனம்: எப்படித் தயாராவது?

கேள்வி: எனக்கு 52 வயது. திண்டுக்கல்லில் பல வருடமாக மேடை நாடகங்களில் நடிக்கிறேன். ஒரு சினிமாவில் லாட்ஜ் மேனேஜராக ஒரு காட்சி கிடைத்திருக்கிறது. நண்பனைத் தேடி வரும் நாயகனிடம் ‘அவரு ரெண்டு நாளைக்கு முன்னாடியே காலி பண்ணிட்டாரே’ என்று சொல்ல வேண்டும். கூடவே இன்னும் இரண்டு வரி. மேனேஜருக்கு ஒரு வாழ்க்கைக் கதையே எழுதி வைத்திருக்கிறேன். மறக்க முடியாதபடி செய்ய என்ன வழி? சங்க உறுப்பினர் ‘கார்டு’ எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் 20,000 ரூபாய் கேட்கிறார், கொடுக்கலாமா?

பணத்தை முதலில் முடித்துவிடுவோம். கொடுக்காதீர்கள். வேடம் தருகிற கம்பெனி உங்களுக்குச் சம்பளம் கொடுக்கும், உங்களிடம் வாங்காது. சங்கத்தில் சேர ஆசை இருந்தால் சங்க அலுவலகத்துக்கே நேரில் போய்க் கேளுங்கள், கட்டுவதற்கு ரசீது வாங்குங்கள். சம்பளம் எவ்வளவு, எப்போது கைக்கு வரும் என்பதை ஷூட்டிங்குக்கு முன்பே புரொடக்‌ஷன் மேனேஜரிடம் பேசிவிடுங்கள். கூச்சப்பட்டால் போச்சு.

சரி, வேடத்துக்கு வருவோம். வாழ்க்கைக் கதை எழுதியதில் தப்பில்லை. ஆனால் அந்தக் காட்சி உங்களைப் பற்றியது இல்லை. நண்பன் போய் இரண்டு நாளாகிறது என்பது நாயகனுக்குத் தெரிய வேண்டும், அவன் முகம் மாறுவதை நாம் பார்க்க வேண்டும். காட்சியின் வேலை அவ்வளவுதான். அதனால் ‘ரெண்டு நாளைக்கு முன்னாடியே’ என்பது மட்டும் தெளிவாக விழட்டும், மற்றதெல்லாம் போகிற போக்கில் வரலாம். மேனேஜருக்கு இது ஒரு விஷயமே இல்லை, தினமும் யாராவது அறையைக் காலி செய்கிறார்கள். அவர் அசட்டையாகச் சொன்னால்தான் கேட்பவனுக்கு அது இடியாக இறங்கும். நீங்களே அதிர்ந்துபோய்ச் சொன்னால் அவன் நடிக்க என்ன மிச்சம்?

‘என்னத்த’ கண்ணையாவை நினைத்துக்கொள்வீர்கள். ‘நான்’ (1967) படத்தில் அந்த ஒரு சொல்லை இழுத்துச் சொல்லி அதைப் பெயருக்கு முன்னால் நிரந்தரமாக ஒட்டிக்கொண்டவர். அது சிரிக்க வைப்பதற்கென்றே வைத்த வேடம். உங்களுடையது அப்படி இல்லை.

கைக்கு ஒரு வேலை வைத்துக்கொள்ளுங்கள். லாட்ஜ் என்றால் ரிஜிஸ்டர் இருக்கும். பெயர்களின் மேல் விரலை இறக்கிக்கொண்டே வந்து, கிடைத்ததும் நிறுத்தி, விரலை எடுக்காமல் நிமிர்ந்து வசனத்தைச் சொல்லலாம். வீட்டில் ஒரு பழைய கணக்கு நோட்டை வைத்துப் பழகுங்கள். விரல் எந்த வார்த்தையில் நிற்கிறது, தலை எந்த வார்த்தையில் நிமிர்கிறது என்று முடிவு செய்துவிட்டால், பிறகு ஒவ்வொரு தடவையும் அச்சுப் பிசகாமல் அப்படியே செய்ய வேண்டும். இதே காட்சியை முதலில் மாஸ்டராக, அதாவது எல்லோரும் தெரிகிற மாதிரி முழுசாக எடுப்பார்கள், அப்புறம் ஒருவர் தோள் வழியாக மற்றவரைக் காட்டும் சஜஷன், அப்புறம் அவரவர் முகம் மட்டும் தெரியும் க்ளோஸ். மாஸ்டரில் பேனா இடக்கையிலும் க்ளோஸில் வலக்கையிலும் இருந்தால் எடிட்டரால் ஒட்ட முடியாது. அவருக்கு ஒரு சுலப வழி இருக்கிறது: உங்கள் ஷாட்டைத் தூக்கிவிட்டு, நாயகன் முகத்தின் மேல் உங்கள் குரலை ஓடவிடுவார். சின்ன வேடக்காரர்கள் படத்தில் காணாமல் போகும் வழிகளில் இதுவும் ஒன்று.

உங்கள் க்ளோஸ் வரும்போது நாயகன் கிளம்பியிருக்கலாம். உதவி இயக்குநர் ஒருவர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று நாயகனின் வசனத்தை மளிகைப் பட்டியல் மாதிரி ஒப்பிப்பார். அவரையோ, அவர் காட்டுகிற இடத்தையோ பார்த்து அதே தொனியில் பேச வேண்டும். லுக் எங்கே என்று கேட்டுக்கொள்ளுங்கள், அதில் வெட்கமே வேண்டாம்.

மேடைக்காரர்களுக்கு வசனம் மறக்காது, அது உங்கள் பலம். சீரியல் செட்டில் பக்கத்திலிருந்து ஒருவர் வரி வரியாகப் பிராம்ப்ட் செய்ய, காதில் வாங்கிச் சொல்கிறவர்கள் நிறைய. ஆனால் கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரிப் பேசுவதையும், சபையைப் பார்த்துத் திரும்பிக்கொள்வதையும் ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்குக் கேட்டால் போதும். மானிட்டர், அதாவது டேக்குக்கு முந்தைய ஒத்திகை, பார்க்கும்போது செய்ததையே டேக்கிலும் செய்யுங்கள். டேக்கில் புதிதாக ஒன்றைச் சேர்த்தால் ஃபோகஸ் பார்ப்பவர்தான் முதலில் தடுமாறுவார்.

சொந்தச் சட்டை கொண்டுவரச் சொன்னால் மூன்று நான்கு கொண்டுபோங்கள். பளீர் வெள்ளையும் பொடிக் கட்டமும் வேண்டாம். பொடிக் கட்டம் திரையில் அலை அலையாக ஓடும்.

விட்டுப்போன ஷாட்களைப் பிறகு எடுக்கிற பேட்ச் வொர்க் முடிந்துவிட்டது என்று தெரியும்வரை மீசையில் கை வைக்காதீர்கள். டப்பிங்குக்குக் கூப்பிடுவார்களா என்று உதவி இயக்குநரிடம் கேட்டு எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள். கூப்பிடும் நேரத்தில் நீங்கள் சென்னையில் இல்லையென்றால் வேறு யாராவது உங்களுக்குப் பேசிவிட்டுப் போய்விடுவார். முதல் நாள் முதல் காட்சிக்குச் சொந்தக்காரர்கள் எல்லோரையும் திரட்டிக்கொண்டு போகிற யோசனை இருந்தால், காட்சி படத்தில் இருக்கிறதா என்று அதே உதவி இயக்குநரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு டிக்கெட் எடுங்கள்.