எந்தச் சொல்லைப் பிடிப்பது? தேடுசொல் பற்றிய கேள்வி பதில்

கூகுளில் தளம் மேலே வர எந்தக் கீவேர்டை (தேடுசொல்லை) எடுக்கலாம் என்று கோலாலம்பூர், பினாங்கு கடைக்காரர்கள் கேட்டவை. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

பிரிக்ஃபீல்ட்ஸ், உணவகம்: அண்ணே, எங்களுடையது வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. கீவேர்ட் பிளானரில் (ஒரு சொல்லை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று காட்டும் கூகுள் விளம்பரக் கருவி) ‘ரெஸ்டாரண்ட் கேஎல்’ (கோலாலம்பூர்) என்று போட்டால் தேடல் எக்கச்சக்கமாகக் காட்டுது. அதையே பிடிக்கலாமா?

வேண்டாம். அதைத் தட்டுகிறவர் சீனச் சாப்பாடு தேடுகிறாரா, கல்யாண ஹால் தேடுகிறாரா என்று யாருக்கும் தெரியாது. பிரைவேட் விண்டோவில் அந்தச் சொல்லைத் தேடிப் பாருங்கள். மேலே மேப், அதற்குக் கீழே பெரிய பயணத் தளங்களின் ‘சிறந்த 10’ பட்டியல்கள். தனிக் கடையின் பக்கத்துக்கு அங்கே இடமே இல்லை.

அடுத்து ‘பனானா லீஃப் ரைஸ் பிரிக்ஃபீல்ட்ஸ்’ என்று ஆங்கிலத்திலும், ‘நாசி டாவுன் பீசாங்’ என்று மலாயிலும் தேடுங்கள். உச்சியில் மூன்று கடைகளோடு மேப் வந்தால், அந்தச் சொல்லுக்கான வேலை தளத்தில் இல்லை, கூகுள் பிசினஸ் புரொஃபைலில் (மேப்பில் கடையைக் காட்டும் உங்கள் பதிவு) இருக்கிறது. பொருத்தம், தூரம், பெயர் பரவியிருப்பது ஆகிய மூன்றையும் வைத்துத்தான் அங்கே வரிசை என்று கூகுளே சொல்கிறது. தூரத்தை நீங்கள் மாற்ற முடியாது. கடையின் வகையைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதும், விடுமுறை நாள் நேரத்தைத் திருத்துவதும், விமர்சனங்களுக்குப் பதில் போடுவதும் உங்கள் கையில்.

தளத்தில் மேப் பதில் சொல்லாத விஷயத்தைப் பிடியுங்கள். ‘பனானா லீஃப் கேட்டரிங்’ தேடுகிறவர் வீட்டில் விசேஷம் வைத்திருப்பவர். குறைந்தது எத்தனை பேர், தலைக்கு எத்தனை வெள்ளி, கிள்ளான் வரை வருவீர்களா, பரிமாற ஆள் உண்டா என்பதெல்லாம் அந்தப் பக்கத்தில் எழுத்தாக இருக்க வேண்டும். தேடல் குறைவுதான். ஆனால் தேடுகிறவர் ஆர்டர் கொடுக்கத் தயாராக வருகிறவர்.

செந்தூல், ரவிக்கை தையல்: பிளானரில் போட்டி ‘குறைவு’ என்று வந்த சொற்களாகப் பொறுக்கித்தான் பக்கம் எழுதினேன். ஆறு மாதமாகியும் முதல் பக்கத்தை எட்டவில்லை. ஏன் சார்?

அந்தப் ‘போட்டி’ விளம்பரக்காரர்களுடையது. அந்தச் சொல்லுக்குக் காசு கட்டி விளம்பரம் போட எத்தனை பேர் முட்டுகிறார்கள் என்பதை மட்டுமே அது காட்டும். விளம்பரமே இல்லாத சொல்லுக்கு விக்கிப்பீடியாவும் பத்திரிகைகளும் முதல் பக்கத்தை அடைத்துக்கொண்டிருக்கலாம்.

உண்மையான போட்டியை முதல் பக்கத்தில் பாருங்கள். பத்து இடத்திலும் ஷோப்பி, லசாடா, பத்திரிகை என்றால் நகர்ந்துவிடுங்கள். நடுவில் ஒரு முகநூல் பதிவோ, பாதி பதிலோடு நிற்கும் பழைய பக்கமோ, உங்கள் அளவுள்ள இன்னொரு கடையோ இருந்தால் நுழைய வழி இருக்கிறது.

பிளானரில் இன்னும் இரண்டு விஷயம். இடம் மலேசியா என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இந்தியாவின் எண்ணைப் பார்த்து மகிழ்ந்துபோகிறவர்கள் உண்டு. விளம்பரச் செலவு இல்லாத கணக்குக்கு 100 முதல் 1,000, 1,000 முதல் 10,000 என்று அகலமான வரம்புதான் கிடைக்கும். நெருங்கிய சொற்களையும் ஒன்றாகக் கூட்டிவிடும். எது பெரிது எது சிறிது என்று ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜார்ஜ் டவுன், உறைந்த இடியாப்பம், பலகாரம்: தமிழா, மலாயா, ஆங்கிலமா? மூன்றையும் ஒரே தலைப்பில் போடலாமா?

ஒரே தலைப்பில் மூன்றைத் திணித்தால் தலைப்பு பாதியில் வெட்டுப்படும். படிக்கிறவருக்கும் இது தனக்கான பக்கமா என்று சந்தேகம் வரும். யார் வாங்குகிறார்கள் என்று பாருங்கள். இந்த ஊர் மலாய்க்காரர்களும் சீனர்களும் இடியாப்பத்தை ‘புத்து மாயம்’ என்றுதான் தேடுவார்கள். தமிழர்களிலும் பலர் ரோமன் எழுத்தில்தான் தட்டுகிறார்கள். மலாய் வாடிக்கையாளர் அதிகம் என்றால் மலாய்ப் பக்கம் முதலில்.

மொழிக்கொரு பக்கம் போட்டால் அவற்றை ஹெச்ரெஃப்லாங் (எந்தப் பக்கம் எந்த மொழிக்கு என்று கூகுளுக்குச் சொல்லும்) குறியால் இணைக்க வேண்டும். பலர் தவறும் இடம் இது: மலாய்ப் பக்கம் தமிழ்ப் பக்கத்தைக் காட்டி, தமிழ்ப் பக்கம் திரும்பக் காட்டாவிட்டால் கூகுள் அந்த இணைப்பைப் பொருட்படுத்தாது. ஒவ்வொரு பக்கமும் தன்னையும் சேர்த்துக் காட்ட வேண்டும்.

பண்டிகைச் சொல்லுக்கு கூகுள் டிரெண்ட்ஸ் (ஒரு சொல்லின் தேடல் காலப்போக்கில் ஏறி இறங்குவதைக் காட்டும் கருவி). நாடு மலேசியா, காலம் 5 ஆண்டு என்று வைத்து ‘தீபாவளி’, ‘திவாலி’ இரண்டையும் ரோமன் எழுத்தில் ஒப்பிடுங்கள். இந்தியாவிலிருந்து காப்பியடித்த பக்கங்கள் ‘திவாலி’ என்று சொல்லிக்கொண்டிருக்கும்; இங்கே பொது விடுமுறைக்கே பெயர் தீபாவளி. அதில் வரும் 0 முதல் 100 வரையான எண் தேடல் எண்ணிக்கை அல்ல, உச்சத்தோடு ஒப்பிட்ட அளவு. கோடு எந்த மாதம் ஏறத் தொடங்குகிறது என்று பார்த்து, அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே பக்கத்தை ஏற்றிவிடுங்கள். பக்கத்தின் இணைய முகவரியில் ஆண்டைப் போடாதீர்கள். போன வருடம் சேர்ந்த மதிப்பு அதே முகவரியில் தங்கட்டும்.

பட்டர்வொர்த், ஏர்கோன் சர்வீஸ்: ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி 40 பக்கம் போட்டுத் தருகிறேன் என்கிறார் ஒருவர்.

போடாதீர்கள். ஊர்ப் பெயர் மட்டும் மாறும் பக்கங்களை கூகுளின் ஸ்பேம் விதிகள் ‘டோர்வே’ என்றே பெயரிட்டுத் தடுக்கின்றன. நீங்கள் தரும் சேவை எங்கே உண்மையிலேயே மாறுகிறதோ அங்கே மட்டும் தனிப்பக்கம். தீவுப் பக்கம் வர போக்குவரத்துக் கட்டணம் வேறா? பாயான் லெப்பாஸ் உயர்மாடி வீடுகளில் வெளி யூனிட்டை எட்டத் தனிக் கட்டணமா? அதை எழுதினால் அது ஒரு பக்கம். ஊர்ப் பெயரிலும் கவனம்: ஆங்கிலத்தில் தேடுகிறவர் ‘பெனாங்’ என்பார், மலாயில் ‘பூலாவ் பினாங்’.

மஸ்ஜித் இந்தியா, ஜவுளி: மெட்டா கீவேர்ட்ஸ் (பக்கத்தின் நிரலில் மறைவாக எழுதும் சொல் பட்டியல்) நிரப்ப 300 வெள்ளி கேட்கிறார்கள்.

கொடுக்காதீர்கள். வரிசைப்படுத்த அந்தக் குறியைப் பார்ப்பதில்லை என்று 2009 செப்டம்பரிலேயே கூகுள் அறிவித்துவிட்டது.

அதே வாசகர்: அப்படியானால் ஒரு சொல்லை எத்தனை முறை எழுதணும்?

கணக்கே கிடையாது. தேடல் முடிவில் தெரியும் தலைப்பில் ஒருமுறை, பக்கத்துக்குள் வரும் பெரிய தலைப்பில் ஒருமுறை, முதல் பத்தியில் இயல்பாக. மற்ற இடங்களில் பொருள் கேட்டால் வரட்டும். திணித்தால் அதுவும் ஸ்பேம்தான். விலையையும் சேலை வகைகளையும் போஸ்டர் படத்துக்குள் வைத்துவிட்டு, பக்கத்தில் எழுத்தாக ஒன்றுமே இல்லாமல் விடுவதுதான் ஜவுளிக் கடைத் தளங்களில் இதைவிடப் பெரிய கோளாறு.

ஜாலான் ஈப்போ, டியூஷன் சென்டர்: தளம் ஓடி இரண்டு வருடமாச்சு. புதுச் சொற்களை எங்கே தேடுவது?

புதிதாகத் தேட வேண்டாம், சர்ச் கன்சோலில் (உங்கள் தளம் தேடலில் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுளின் இலவசக் கருவி) ஏற்கெனவே கிடக்கின்றன. ‘பெர்ஃபார்மன்ஸ்’ அறிக்கையைத் திறந்து, காலம் 3 மாதம், நாடு மலேசியா என்று வடிகட்டுங்கள். சராசரி இடத்தையும் டிக் செய்து, இம்ப்ரெஷன் (தேடல் முடிவில் உங்கள் பக்கம் தென்பட்ட எண்ணிக்கை) அதிகமானது மேலே வரும்படி அடுக்குங்கள். 8 முதல் 20ஆம் இடம் வரை நிற்கும் சொற்களைத் தனியே எழுதிக்கொள்ளுங்கள். அந்தச் சொற்களுக்கு கூகுள் உங்களை ஓரளவு ஏற்றுக்கொண்டுவிட்டது.

பிறகு ஒவ்வொரு சொல்லையும் கிளிக் செய்து ‘பேஜஸ்’ தாவலுக்குப் போங்கள். ‘எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) கணக்கு டியூஷன்’ என்பதற்கு உங்களின் இரண்டு பக்கங்கள் மாறி மாறி வந்தால் அவை ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருக்கலாம். நல்லதை வைத்துக்கொண்டு, மற்றதிலுள்ள உருப்படியான பகுதியை அதில் சேர்த்து, பழைய முகவரியை 301 (நிரந்தரத் திருப்பம்) மூலம் புதியதற்குத் திருப்பிவிடுங்கள். ஒரே பக்கம்தான் வருகிறது, ஆனால் அதில் கட்டணமும் நேர அட்டவணையும் இல்லை என்றால் அந்தப் பகுதியை எழுதுங்கள். மூன்றாம் இடத்தில் நின்றும் கிளிக் விழவில்லையா? தலைப்பைப் பாருங்கள், அல்லது மேலே மேப்பும் விளம்பரமும் இடத்தை விழுங்குகின்றனவா என்று பாருங்கள்.

அந்தப் பட்டியலில் 1,000 வரிசைக்கு மேல் காட்டாது. அரிதான தேடல்களை அந்தரங்கம் கருதி மறைத்துவிடும். அதனால் வரிசைகளைக் கூட்டினால் மேலேயுள்ள மொத்தம் வராது, பதற வேண்டாம். திருத்திய பிறகு சில வாரம் கையை வைக்காதீர்கள். ஒப்பிடும்போது பள்ளி விடுமுறை மாதத்தைத் தேர்வு மாதத்தோடு ஒப்பிடாதீர்கள். 16 மாதத் தரவு இருப்பதால் போன வருடம் இதே மாதத்தோடு வைத்துப் பார்க்கலாம்.

பாங்சார், பூக்கடை: என் போனில் தேடினால் நாங்கள்தான் முதலிடம். ஆனால் போன் அழைப்பே வரலையே?

நீங்கள் கடைக்குள் நின்று தேடுகிறீர்கள். கூகுளுக்கு உங்கள் இடம் தெரியும், அந்தத் தளத்தை அடிக்கடி திறப்பதும் தெரிந்திருக்கலாம். சர்ச் கன்சோல் காட்டும் சராசரி இடத்தை நம்புங்கள்.

சுங்கை நிபோங், மணப்பெண் அலங்காரம்: சாட்ஜிபிடியிடம் கீவேர்ட் பட்டியல் வாங்கினால் போதுமா?

யோசனைக்குச் சரி. கூடவே அது தரும் தேடல் எண்ணிக்கையை அப்படியே நம்பாதீர்கள். சொற்களைப் பிளானரில் போட்டுச் சரிபாருங்கள். அதைவிட நல்ல பட்டியல் உங்கள் புலனத்தில் (வாட்ஸ்அப்) இருக்கிறது. மணப்பெண்கள் முதல் செய்தியில் என்ன கேட்கிறார்கள் என்று கடைசி ஐம்பது உரையாடல்களைத் திறந்து, அவர்கள் எழுதிய எழுத்துக்கூட்டிலேயே குறித்துக்கொள்ளுங்கள். முடி அலங்காரம் தனியாகக் கிடைக்குமா, ட்ரையல் உண்டா, காலை நாலு மணிக்கு வீட்டுக்கு வருவீர்களா என்று திரும்பத் திரும்ப வருவதை கூகுள் தேடல் பெட்டியில் பாதி தட்டி, அது எப்படி முடித்துக் காட்டுகிறது என்று பாருங்கள். முடித்துக் காட்டினால் அதற்கு ஒரு பகுதி எழுதலாம்.