ஆவணம் எழுதுவது யார் பொறுப்பு? கட்டற்ற மென்பொருள் கேள்வி பதில்

நிரலை எழுதியவருக்குத்தானே அதைப் பற்றி முழுசாகத் தெரியும்? அதை எப்படி நிறுவுவது, பயன்படுத்துவது என்று சொல்லும் ஆவணத்தையும் அவரே எழுதிவிட்டால் என்ன?

எழுதத்தான் வேண்டும். ஆனால் எல்லாப் பக்கத்தையும் அவர் தலையில் கட்டக் கூடாது. ஓர் ஆப்ஷன் என்ன செய்யும், அதைக் கொடுக்காவிட்டால் எந்த மதிப்பு எடுத்துக்கொள்ளப்படும், எப்போது பிழை வரும் என்பதையெல்லாம் அவர்தான் சொல்ல முடியும். நிறுவும் வழிகாட்டியில்தான் அவர் சறுக்குவார்.

என் கதையையே சொல்கிறேன். நான் எழுதிய ஒரு பேக்கப் கருவியின் ரீட்மீயில், அதாவது கருவியோடு வரும் அறிமுகக் கோப்பில், மூன்றாவது படி, 'டேட்டாபேஸை உருவாக்கிக்கொள்ளவும்' என்று ஒரே வரி. புதிதாக வந்த ஒருவர் அங்கேயே ஒரு சாயங்காலம் முழுக்க மாட்டிக்கொண்டார். டேட்டாபேஸை உருவாக்கிவிட்டார். கருவி இயங்கும் பயனர் கணக்குக்கு அதில் எழுத அனுமதி தர வேண்டும் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. என் கணினியில் என்றைக்கோ கொடுத்தது, மறந்தே போயிருந்தேன். அவர் அனுப்பிய இரண்டு வரித் திருத்தம்தான் இன்றும் அந்த ரீட்மீயில் இருக்கிறது.

எனக்கு நிரல் எழுத வராது, பயன்படுத்த மட்டும் தெரியும். நான் எழுதினால் தப்பாகிவிடாதா?

ஆகலாம், அதைப் பார்த்துத் திருத்த நிரலாளர் இருக்கிறார். உங்களிடம் இருப்பது அவரிடம் இல்லாத ஒன்று: இன்றைக்கு எங்கே முழித்தீர்கள் என்பது. காலியான ஒரு விர்ச்சுவல் மெஷினில் (கணினிக்குள்ளேயே ஓடும் இன்னொரு கணினி) நிறுவிப் பாருங்கள். தடுக்கிய இடத்தையெல்லாம், வந்த பிழைச் செய்தியோடு அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் போனால் உங்களுக்கும் பழகிவிடும், பிறகு இந்தக் குறிப்பை எழுத வராது. நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவி தெரியாதா? திட்டத்தின் பக்கத்தில் இஷ்யூவாக, அதாவது பிரச்சினைக் குறிப்பாகப் போடுங்கள், போதும்.

நிரல் திட்டங்களை வைத்துக்கொள்ளும் தளமான கிட்ஹப் 2017இல் நடத்திய கருத்துக்கணிப்பில், முழுமையில்லாத அல்லது பழசாகிப்போன ஆவணங்களைப் பிரச்சினையாகப் பார்த்தவர்கள் 93 சதவீதம். பங்களிப்பாளர்களில் 60 சதவீதம் பேரோ ஆவணத்தில் கைவைப்பதே அரிது என்றார்கள். உங்களைப் போன்றவர்களுக்கு இடம் காலியாகத்தான் கிடக்கிறது.

சின்னத் திட்டம் ஒன்றுக்கு நான் மெயின்டெயினர், அதாவது பொறுப்பாளர். யாராவது அனுப்பும் நிரல் மாற்றம், அதாவது புல் ரிக்வெஸ்ட், ஆவணம் இல்லாமல் வந்தால் திருப்பி அனுப்பலாமா? ஆள் ஓடிவிடுவார்களோ என்று பயம்.

அனுப்பலாம். இணையதளம் கட்ட உதவும் ஜாங்கோ திட்டத்தில் புது வசதி என்றால் டெஸ்ட்டும் ஆவணமும் கூடவே வர வேண்டும் என்பது விதி. அதனால் அங்கே ஆள் ஓடிவிடவில்லை. 'அப்புறம் எழுதித் தருகிறேன்' என்று சொன்னவர் திரும்பி வந்ததை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் முதல் முறை வருகிறவரிடம் அழகான உரைநடை கேட்காதீர்கள். இது எதற்கு, எப்படிக் கூப்பிடுவது, எங்கே உதைக்கும் என மூன்று வரி கரடுமுரடாக வாங்கிக்கொண்டு நீங்கள் செப்பனிடுங்கள். மாற்றத்தைத் திட்டத்தில் சேர்க்கும் மெர்ஜ் பட்டனை அழுத்துவது நீங்கள், ஆவணம் இல்லாமல் உள்ளே போனால் அது உங்கள் கணக்கு. யார் எழுதினார்கள் என்பதெல்லாம் என்னைப் பொறுத்தவரை இரண்டாம் பட்சம்.

நிரலுக்குள் எழுதிவைக்கும் கமென்ட்டிலிருந்தே ஆவணம் தயாரிக்கும் டாக்ஸிஜன் மாதிரிக் கருவிகள் போதாதா?

போதாது. ஃபங்ஷன்களின் பட்டியல் வரும், எதை முதலில் கூப்பிடுவது என்பது வராது. டானியேலே ப்ரோசிடா வகுத்த டயாடாக்சிஸ் முறையில் ஆவணம் நான்கு வகை: பயிற்சிப் பாடம், செய்முறை, குறிப்புதவி, விளக்கம். கருவி தருவது மூன்றாவதை மட்டும். ஆனால் ரஸ்ட் மொழியில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. ஆவணக் கமென்ட்டில் போட்ட எடுத்துக்காட்டை 'கார்கோ டெஸ்ட்' என்ற கட்டளை ஓட்டியே பார்த்துவிடும், கம்பைல் ஆகாத (இயங்கும் நிரலாக மாறாத) பழைய எடுத்துக்காட்டு உடனே மாட்டிக்கொள்ளும். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

ஏஐயிடம் விட்டுவிடலாமே?

முதல் வரைவுக்குச் சரி. இல்லாத ஆப்ஷனையும் கூசாமல் எழுதும், ஒவ்வொரு கட்டளையையும் ஓட்டிப் பார்க்க ஓர் ஆள் வேண்டும்.

நன்கொடைப் பணம் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது. டெக்னிக்கல் ரைட்டர் ஒருவரை வைத்துக்கொள்ளலாமா?

தாராளமாக. கூகுள் 2019இல் தொடங்கிய 'சீசன் ஆஃப் டாக்ஸ்' இதே வேலையைத்தான் செய்தது, எழுத்தாளர்களுக்குப் பணம் கொடுத்துத் திட்டங்களோடு சேர்த்துவிட்டது. ஆனால் அவர் கேட்கும் கேள்விக்கு அன்றைக்கோ மறுநாளோ பதில் சொல்ல நிரலாளர் ஒருவர் வேண்டும். அது யார் என்று முதலில் பேசி முடியுங்கள், அப்புறம் ஆள் தேடலாம்.