பிரிட்ஜை மூடுங்கள்: பொறிச்செடிகளின் குளிர்கால உறக்கம்

பூச்சி பிடித்துத் தின்னும் செடிகளைப் பற்றி இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கவலைதான்: கடலோரத்தில் குளிரே இல்லையே, செடி எப்படித் தூங்கும் (அதாவது, வளர்ச்சியை நிறுத்தி ஓய்வெடுக்கும்)?

கே: என் வீனஸ் ஃப்ளைட்ராப்பின் இலைகள் கறுக்கின்றன. செத்துவிட்டதா?

ப: எந்த மாதம், செடி வெளியிலா உள்ளேயா, என்ன தண்ணீர்? மூன்றில் ஒன்றைக்கூட எழுதவில்லை. நான் ஜோசியம் பார்ப்பதில்லை. இலையுதிர் காலக் கடைசி என்றால் படுக்கப் போகிறது. மண்ணுக்குள் இருக்கும் வெள்ளைக் கிழங்கைத் தொட்டுப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது, கொழகொழவென்றால் அழுகல்.

கே: எங்கள் பக்கம் உறைபனி விழாது. குளிர்கால இரவில் 7, 8 டிகிரி, பகலில் 15. மூன்று மாதம் பிரிட்ஜில் வைக்கலாமா?

ப: மறுபடியும் பிரிட்ஜ்! ஃப்ளைட்ராப்பின் சொந்த மண்ணே கடலோரச் சமவெளிதான். அமெரிக்காவின் வட, தென் கரோலினா. அங்கே ஜனவரிப் பகல் 13, 14 டிகிரி வரை போகும். பனி எப்போதாவது விழும், ஆனால் செடி அதற்காகக் காத்திருப்பதில்லை. பகல் குறுகுவதும் இரவு 10 டிகிரிக்குக் கீழே இறங்குவதும்தான் அதற்குத் தாலாட்டு. இரண்டும் உங்கள் மாடியிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. வெளியில், வெயிலில், அப்படியே விடுங்கள். ஒன்றிரண்டு பொறிகள் தரையோடு ஒட்டிப் பச்சையாகவே இருக்கும். அதைப் பார்த்து 'இது தூங்கவில்லை' என்று பதறிப் பிடுங்கி, ஈரப்பாசியில் சுற்றி, பையில் போட்டு, இருட்டில் அடைக்கிறீர்கள். ஒரு மாதம் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அப்புறம் பூஞ்சை பிடித்த உருண்டையைப் படம் எடுத்து எனக்கு அனுப்புகிறீர்கள். நானும் ஆரம்பத்தில் இப்படி நாலு செடியைக் கொன்றவன்தான், அதனால்தான் இவ்வளவு கோபம்.

இரவிலும் 18 டிகிரிக்குக் கீழே இறங்காத இடமென்றால் கதை வேறு. ஓய்வில்லாத செடி இரண்டு மூன்று வருடத்தில் இளைத்துப் போகும். அங்கே மட்டும் பிரிட்ஜ் சரி: 3 முதல் 5 டிகிரி, வாரம் ஒருமுறை திறந்து பார்ப்பது, பூஞ்சை தெரிந்த இலையை உடனே கிள்ளுவது. அதோடு, குழாய்த் தண்ணீர் கூடாது.

கே: சாரசீனியாவின் குடுவைகளை (பூச்சி பிடிக்கும் குழல் வடிவ இலைகளை) மொத்தமாக வெட்டிவிடலாமா?

ப: காய்ந்ததை மட்டும். பச்சைப் பகுதி இன்னும் உணவு தயாரிக்கிறது. அதிலும் லூகோஃபில்லா என்ற சாரசீனியா வகை தன் அழகான குடுவைகளை இலையுதிர் காலத்தில்தான் விடும். கத்தரிக்கோலைத் தூர வையுங்கள்.

கே: தொங்கும் குடுவைகள் விடும் நெபந்தஸுக்கும் உறக்கம் வேண்டுமா?

ப: வேண்டாம். வெப்பமண்டலச் செடி.

கே: என் ட்ரோசெரா (ஒட்டும் பசைத்துளிகளால் பூச்சி பிடிக்கும் செடி) நடுவில் இறுகிய மொட்டாகச் சுருங்கிவிட்டது.

ப: எந்த ட்ரோசெரா? அந்த இனத்தில் நூற்றுக்கு மேல் வகை உண்டு. ரோட்டுண்டிஃபோலியா என்றால் அது குளிர்கால மொட்டு, தொடாதீர்கள். கேபென்சிஸ் என்றால் அதற்கு உறக்கமே கிடையாது. அசுவினியோ தண்ணீரோதான் காரணமாக இருக்கும்.

கே: தூங்கும் செடிக்குத் தட்டில் தண்ணீர் நிற்கலாமா? பூச்சி போடலாமா?

ப: ஈரம் போதும், குளம் வேண்டாம். பூச்சி கூடாது, மந்தமான பொறிக்குள் செரிக்காமல் அழுகும். மழைநீர், காய்ச்சி வடித்த நீர், ஆர்.ஓ. நீர் மட்டும். டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, 50 பிபிஎம்முக்குள். குளிர்காலம் என்பதால் குழாய்த் தண்ணீர் நல்லதாகிவிடாது.

கே: என் பால்கனி கடலைப் பார்த்தது. உப்புக் காற்று படுகிறது.

ப: நல்ல கேள்வி, முதல் முறையாக. பீட்டில் (தொட்டியில் போடும் மட்கிய பாசி மண்ணில்) உப்பு சேர்ந்துகொண்டே போகும். சுவர் மறைவுக்கு மாற்றுங்கள், மாதம் ஒருமுறை மழைநீரை மேலிருந்து ஊற்றி அடிவழியே வடியவிடுங்கள்.

கே: தொட்டி மாற்ற எது நேரம்?

ப: குளிர்காலக் கடைசி, புதுக்குருத்து அசைவதற்கு முன். பீட், பெர்லைட் (வெள்ளையான, லேசான எரிமலைக் கல் துகள்) மட்டும். உரம் கலந்த மண் என்றால் எனக்கு எழுதவே வேண்டாம்.