காலர் சுருண்டதற்குக் காரணம் உங்கள் துவைப்பு இல்லை

கேள்வி: நான் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறேன், வயது 44. பழைய போட்டோவில் அப்பா போட்டிருப்பது போல நீளக் காலர், மூன்று பட்டன், இடுப்பில் ரிப் (இழுத்தால் நீளும் பின்னல் பட்டை) வைத்த பின்னல் சட்டை வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. 'ஒரிஜினல் 1950 விண்டேஜ், எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்' என்று திருப்பூரிலிருந்து வாட்ஸ்அப்பில் விற்பவரிடம் இரண்டு வாங்கினேன். ஒன்று 1,400 ரூபாய். கேரளாவுக்கு அனுப்ப 'வாளையார் வரி' என்று தனியாக 150 ரூபாய் வாங்கினார். இரண்டே துவைப்பில் காலர் அப்பளம் மாதிரி சுருண்டுவிட்டது, பக்கத் தையல் முன்னால் திரும்பிவிட்டது. நான் துவைத்தது தப்பா? எனக்குக் கொஞ்சம் தொப்பை உண்டு. இந்த மாடல் ஒத்துவருமா? நல்லது எங்கே கிடைக்கும்?

பதில்: நீங்கள் துவைத்ததில் எந்தத் தப்பும் இல்லை. அந்தச் சட்டை தைப்பதற்கு முன்பே, துணியாக இருந்தபோதே கெட்டுவிட்டது.

பின்னல் துணிக்கான நூலில் முறுக்கு இருக்கும். தண்ணீர் பட்டதும் அந்த முறுக்கு அவிழப் பார்க்கும், கூடவே துணியையும் திருப்பும். அதனால்தான் சாயப் பட்டறையிலிருந்து வந்த துணியை இழுக்காமல் காயவைத்து, காம்பாக்டிங் மெஷினில் விட்டு, சுருங்க வேண்டியதை அங்கேயே சுருங்கவைக்க வேண்டும். ஒரு கிலோ துணியில் கூடுதலாகச் சட்டை எடுக்க நினைப்பவர்கள் ஈரத்துணியை அகலமாக இழுத்து விரித்துக் காயவைத்துவிடுவார்கள். கடையில் பார்க்கும்போது சட்டை அழகாக, நேராக இருக்கும். உங்கள் வீட்டு வாளியில் நனைந்ததும் உண்மை வெளியே வரும். காலர் கதை தனி. அதைத் தனி மெஷினில் பின்னி, பெரும்பாலும் தனியாகச் சாயம் போட்டு, பிறகு உடம்புத் துணியோடு சேர்ப்பார்கள். இரண்டும் வேறு வேறு அளவில் சுருங்கினால் காலர் ஒன்று அலை அலையாக நிற்கும், இல்லாவிட்டால் சுருளும்.

இப்போது 'எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்' என்ற பேச்சுக்கு வருகிறேன். பக்கத் தையல் திரும்புவது பொதுவாக 5 சதவீதத்தைத் தாண்டினாலே வெளிநாட்டுக் கம்பெனிகள் சரக்கை ஏற்க மாட்டார்கள். உங்கள் சட்டை திரும்பியிருக்கும் அளவைப் பார்த்தால் அது மிச்சச் சரக்கு இல்லை. ஒன்று கழித்துக் கட்டிய சரக்கு, அல்லது ஏற்றுமதியையே பார்க்காத சரக்கு. சர்ப்ளஸ் என்றால் ஆர்டருக்கு மேல் தைத்த நல்ல துணி. ரிஜெக்ட் என்றால் ஏதோ ஒரு குறைக்காகத் திரும்பியது. இடையில் நிற்கும் புரோக்கர்கள் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி ஒரே பெயரில் விற்கிறார்கள். கழுத்தில் தைத்திருக்கும் லேபிளை நம்பவே நம்பாதீர்கள். எந்தப் பெயரிலும் லேபிள் நெய்து தர ஆள் இருக்கிறது, தொங்கும் அட்டையும் அச்சடித்துக் கிடைக்கிறது. பொய்யான வணிகக் குறியோடு சரக்கு விற்றால் 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை உண்டு. சட்டம் இருந்து என்ன செய்ய? எந்தப் பனியன் சந்தையில் நடந்தாலும் லாகோஸ்ட் கம்பெனியின் முதலைப் படம் போட்ட போலிச் சட்டை குவியலாகக் கிடக்கிறது, யாரும் வந்து கேட்பதில்லை.

'ஒரிஜினல் 1950' என்ற பேச்சை உடைப்பது சுலபம். உள்ளே இருக்கும் சின்ன லேபிளில் எலாஸ்டேன், ஸ்பாண்டெக்ஸ், லைக்ரா என்று ஏதாவது எழுதியிருக்கிறதா பாருங்கள். அந்த இழை 1958-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. பார்கோடு இருந்தால் இன்னும் மோசம். கடைகளில் பார்கோடு புழக்கத்துக்கு வந்தது 1974-இல். வெளிநாட்டிலிருந்து பழைய துணி நேராக வருகிறது என்பார்கள். போட்டுக் கழித்த துணியை இறக்குமதி செய்ய நம் நாட்டில் கட்டுப்பாடு உண்டு, உரிமம் வேண்டும். வாட்ஸ்அப்பில் விற்பவர் அந்த உரிமத்தோடு வியாபாரம் செய்கிறார் என்று நான் நம்ப மாட்டேன்.

வாளையார் வரிக்கு 150 ரூபாய் கொடுத்தது எனக்கு மிகவும் வருத்தம். அப்படி ஒரு வரி கிடையாது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததோடு விற்பனை வரிச் சோதனைச் சாவடிகள் போய்விட்டன. தமிழ்நாட்டிலிருந்து கேரளாவுக்கு வந்தால் ஐஜிஎஸ்டி என்று பில்லில் இருக்கும், அவ்வளவுதான்; விகிதம் உள்ளூரில் வாங்கினாலும் அதேதான். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையுள்ள ஆடைக்கு 5 சதவீதம். எல்லையில் இருப்பவர்களுக்கு அந்தப் பக்கம் என்ன சட்டம், இந்தப் பக்கம் என்ன சட்டம் என்று எப்போதும் ஒரு குழப்பம் உண்டு. அந்தக் குழப்பத்தை வைத்துத்தான் இவர்கள் பிழைக்கிறார்கள். 'கேஸ் போட வேண்டுமானால் திருப்பூர் வா' என்று மிரட்டுவதும் அதே வகைதான். 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே, அதாவது பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே, புகார் கொடுக்கலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை, இரண்டு வருடத்துக்குள் கொடுத்தால் போதும். மூன்று மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. எழுதியவர்கள் ஒரு நாளாவது அந்த வராந்தாவில் உட்கார்ந்திருக்க வேண்டும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் செய்து புகாரைப் பதிவு செய்யுங்கள். பணம் அனுப்பிய ரசீது, அவர் அனுப்பிய படம், '1950 ஒரிஜினல்' என்று அவர் எழுதிய மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள்.

சரி, நல்ல சட்டைக்கு வருவோம். பழைய பாணியில் மூன்று வகை உண்டு, என்ன கேட்கிறோம் என்று தெரிந்து கேட்க வேண்டும். முதலாவது டென்னிஸ் சட்டை. ரெனே லாகோஸ்ட் 1926-இல் அமெரிக்கப் போட்டியில் போட்டு ஆடிய, சின்னச் சின்னக் குழி விழும் பருத்திப் பின்னல்; 1933-இல் அதற்கென்றே கம்பெனி தொடங்கினார். திருப்பூரில் இதை பிகே என்பார்கள். இரண்டாவது, காலரிலும் கையிலும் கோடு போட்டது. ஃபிரெட் பெர்ரி சட்டை 1952-இல் வந்தது, இந்தக் கோடு அதில் பின்னால்தான் சேர்ந்து பிரபலமானது. மூன்றாவது, நீங்கள் ஆசைப்படும் ரிப் வைத்த மெல்லிய பின்னல். ஒன்று சொல்ல வேண்டும்: உங்கள் அப்பா போட்டிருப்பது 1950-களில் வந்த பான்லானாகக்கூட இருக்கலாம். அது நெளித்த நைலான் நூல். சுருங்காது, சுருளாது, அதனால்தான் போட்டோவில் அவ்வளவு விறைப்பாக நிற்கிறது. பாலக்காட்டு மார்ச் வெயிலில் நைலான் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். அந்தத் தோற்றத்தைப் பருத்தியில் தேடுங்கள்.

போட்டோ பார்த்து வாங்காதீர்கள். பொள்ளாச்சி, பல்லடம் வழியாகத் திருப்பூர் போய்விட்டு ஒரே நாளில் திரும்பிவிடலாம். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் காதர்பேட்டையில் கையால் தொட்டுப் பார்த்து எடுங்கள். சட்டையின் இரண்டு தோள்களையும் பிடித்துத் தூக்கிக் கீழே தொங்கவிடுங்கள். பக்கத் தையல் அக்குளிலிருந்து நேராக இறங்க வேண்டும். அடுத்து கை இணையும் இடத்தை உள்ளே திருப்பிப் பாருங்கள். வெட்டித் தைத்த சட்டையில் ஓவர்லாக் தையல் தடித்து ஓடும். உருவத்துக்கே பின்னிய சட்டையில் அந்தத் தையலுக்குப் பக்கத்தில் சின்னச் சாய்ந்த கண்ணிகள் ஒரு வரிசையாகத் தெரியும், துணியைக் குறைத்துக் குறைத்துப் பின்னிய தடம் அது. அதற்கு விலை கொடுக்கலாம். வெட்டித் தைத்ததற்கு அந்த விலை கொடுக்காதீர்கள்.

பருத்தியா என்று பார்க்க நூலை எரித்துக் காட்டுவார்கள். இங்கே பெரிய ஏமாற்று ஒன்று நடக்கிறது. சட்டை முழுப் பருத்தியாக இருந்தாலும் தையல் நூல் பெரும்பாலும் பாலியஸ்டர்தான். தையல் நூலை எடுத்து எரித்தால் நல்ல சட்டையும் கெட்டது மாதிரி தெரியும். துணி பாலியஸ்டராக இருந்தால் புரோக்கர் கையில் தயாராக வைத்திருக்கும் பருத்தி நூலை எரித்துக் காட்டுவார். உள் தையல் ஓரத்திலிருந்து துணியின் நூலையே நீங்கள் உருவி எடுங்கள். பருத்தி என்றால் காகிதம் எரியும் வாசனை வரும், சாம்பல் உதிரும். பாலியஸ்டர் உருகிக் கட்டியாகி நிற்கும்.

முன்பணம் கேட்பவரிடம் வாங்கவே வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒரு வகைச் சரக்கை விட்டுவிட மனசு வரவில்லை, அது சாம்பிள் பீஸ். பெரிய ஆர்டர் போடும் முன் வாங்குபவருக்குக் காட்ட ஒன்றிரண்டு சட்டை தைப்பார்கள். கம்பெனியில் இருக்கும் கைதேர்ந்த டெய்லர்தான் அதைத் தைப்பார், அவசரம் இருக்காது. வேலை முடிந்ததும் அலமாரியில் கிடக்கும், பிறகு கிலோ கணக்கில் வெளியே போகும். இதிலும் நிலைகள் உண்டு. முதலில் தைக்கும் ஃபிட் சாம்பிள் அளவு பார்க்க மட்டும். கையில் கிடைத்த துணியில், பட்டன்கூட மாறி மாறி வைத்துத் தைத்திருப்பார்கள், பேனாக் கோடு இருக்கும். அது வேண்டாம். ஆர்டர் ஓடுவதற்கு முன் கடைசியாகத் தைக்கும் பிபி சாம்பிள்தான் சரியான நூல், சரியான சாயம், சரியான காலர். கேட்கும்போது பெயர் சொல்லிக் கேளுங்கள். உங்களுக்கு ஒரு சிக்கல், சாம்பிள் பெரும்பாலும் எம் சைஸில்தான் இருக்கும். 'சைஸ் செட் இருக்கிறதா' என்று கேளுங்கள். எல்லா அளவிலும் ஒவ்வொன்று தைத்திருப்பார்கள், அதில் உங்களுக்கானது கிடைக்க வாய்ப்பு உண்டு. இதற்காக ஒரு மதியத்தைச் செலவழிக்கலாம்.

தொப்பைக்கு ஒத்துவருமா என்று கேட்டீர்கள், வரும். இடுப்பில் இறுக்கமாகக் கவ்வும் ரிப் மட்டும் வேண்டாம். அது வயிற்றுக்கு மேலே ஏறிச் சுருண்டு நிற்கும், நாள் முழுக்கக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டே இருப்பீர்கள். தளர்ந்த ரிப், அல்லது ரிப் இல்லாமல் பக்கத்தில் சின்ன வெட்டு வைத்தது எடுங்கள். எல், எக்ஸ்எல் எழுத்தைப் பார்க்க வேண்டாம். சட்டையைத் தரையில் விரித்து அக்குளுக்குக் கீழே அளந்து இரண்டால் பெருக்குங்கள். உங்கள் மார்பு அளவைவிட 3 முதல் 4 அங்குலம் அதிகம் இருக்கட்டும். இதே மாதிரி வயிற்றுக்கு நேரேயும் அளக்க வேண்டும், நிறையப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள். பேண்ட் இடுப்பு கொஞ்சம் மேலே நிற்கும், முன்னால் மடிப்பு வைத்த வகையாக இருந்தால் அந்தக் காலத் தோற்றம் தானாக வரும். வேட்டியோடு போடுவதாக இருந்தால் சட்டை நீளம் கூடுதலாக வேண்டும், குட்டைச் சட்டை குனிந்தால் வேட்டி மடிப்பைக் காட்டிவிடும். உள்ளே கை வைக்காத பனியன் போட்டால் மெல்லிய பின்னலில் கோடு தெரியும்.

துவைக்கும்போது உள்பக்கம் வெளியே திருப்பி, பச்சைத் தண்ணீரில் அலசி, பிழியாமல் அழுத்தி நீரை எடுத்து, நிழலில் கட்டில் மேல் விரித்துக் காயவையுங்கள். ஹேங்கரில் மாட்டினால் தோள் இறங்கும். கஞ்சி வேண்டாம்.

கையில் இருக்கும் இரண்டையும் தூக்கி எறிய வேண்டாம், புகார் முடியும்வரை பத்திரமாக வைத்திருங்கள். பணம் திரும்பவில்லை என்றால், திரும்பிய தையலுக்கு ஒன்றும் செய்ய முடியாது, காலரை மாற்றலாம். காதர்பேட்டைப் பக்கம் தயாராகப் பின்னிய காலர் கிடைக்கும். அதே நிறம் தேடி அலையாதீர்கள், பொருந்தவே பொருந்தாது. கிரீம் சட்டை என்றால் அரக்கோ கருநீலமோ எடுங்கள். உடம்பு ஒரு நிறம், காலர் ஒரு நிறம் என்பது பழைய பாணியிலேயே உள்ளதுதான். தைக்கும் முன் புதுக் காலரை இரண்டு தடவை நனைத்துக் காயவைக்க மறக்காதீர்கள்.